சண்டைக்கு ஏற்ற புத்தகம்

சிங்கப்பூரின் ஆன்சன் ரோட்டில் ஒரு கப்பல் சரக்கு அலுவலகத்தின் ஆவணப் பிரிவில் நெடுங்காலம் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர் அவர். குடியிருப்பது தஞ்சோங் பகார் பிளாசாவின் அடுக்குமாடிகளில் ஒன்று. மாதம் ஒருமுறை கூடும் சிறிய வாசிப்புக் குழுவுக்குப் புத்தகம் தேர்ந்தெடுத்துத் தரும் பொறுப்பு அவருடையது. யாரும் அவரிடம் ஒப்படைத்த வேலை அல்ல இது; வேறு யாரும் செய்ய முன்வராததால் அவர் தலையில் விழுந்தது. குழுவில் இருக்கும் இளையவர்கள் அவரை ‘அண்ணே’ என்பார்கள். கூட்டம் முடிந்து கலைகிறபோது எல்லோரும் கேட்பது, “அடுத்த மாசம் என்னண்ணே?” என்பதைத்தான்.

அந்தக் கேள்விக்கு அவர் அங்கேயே பதில் சொன்னதில்லை.

பதில் சொல்வதற்கு முன் அவர் செய்யும் வேலை ஒன்று உண்டு. கோடு போட்ட நோட்டு ஒன்று வைத்திருக்கிறார். ஒரு புத்தகத்தைப் படித்ததும் இடப்பக்கத்தில் அது தமக்கு எப்படிப்பட்டது என்று எழுதுவார்: பிடித்தது, பிடிக்காதது, பாதியில் அலுத்தது. வலப்பக்கத்தில் எழுதுவது வேறு. அங்கே புத்தகத்தைப் பற்றி ஒரு சொல்கூட இருக்காது, ஆட்கள்தான் இருப்பார்கள். “டீச்சர் மொழிநடையைப் பிடித்துக்கொள்வார்.” “சென்னையிலிருந்து வந்த பொறியாளர் இது நாவலே இல்லை என்பார்.” “துறைமுகத்தில் இருந்தவருக்கு மூன்றாம் அத்தியாயத்தில் சொல்ல நிறைய இருக்கும்.” “கட்டுமானத் தம்பிக்கு இதில் ஒன்றுமில்லை.” வலப்பக்கம் நிறையாத புத்தகத்தைக் குழுவுக்கு எடுத்துப் போவதில்லை. இடப்பக்கத்தில் எவ்வளவு புகழ்ந்திருந்தாலும் சரி.

இதனால் அவருக்கு மிகவும் பிடித்த நூல்கள் பல குழுவுக்கு வந்ததே இல்லை. ‘பொன்னியின் செல்வன்’ வரவில்லை. ஐந்து பாகம் என்பது ஒரு காரணம். எல்லோருக்கும் அது பிடித்துப்போய் இருப்பது பெரிய காரணம். 2022-இல் மணிரத்னத்தின் படம் வந்தபோது இரண்டு பேர் அதைப் படிக்கலாம் என்றார்கள். பேச்சு யாருக்கு எந்த வேடம் பொருந்தியது என்பதிலேயே முடிந்துவிடும் என்று தட்டிக் கழித்தார். ‘விஷ்ணுபுரம்’ நாவல் வராததற்குக் காரணம் அதன் எடை மட்டுமே. காலையில் எம்ஆர்டி ரயிலில் ஒரு கையால் கம்பியைப் பிடித்து நின்றபடி படிப்பவர்கள்தான் குழுவில் பாதிப்பேர்.

படிக்கிறவரின் வாழ்க்கையில் எந்த இடத்தில், எந்த நேரத்தில் புத்தகம் திறக்கப்படும் என்பதைப் பார்க்காமல் பட்டியல் போடுகிறவர்கள் உண்டு. அமெரிக்காவின் சியாட்டல் நகரில் 1998-இல் ஊரே ஒரு புத்தகத்தைப் படிக்கட்டும் என்ற திட்டத்தைத் தொடங்கிய நூலகர் நேன்சி பெர்ல் அப்படிப்பட்டவர் அல்ல. ஐம்பது பக்கம் படித்துப் பார், பிடிக்கவில்லையென்றால் மூடிவிடு என்றார் அவர். ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கு ஒரு சலுகையும் தந்தார்: நூறிலிருந்து வயதைக் கழித்து, மிஞ்சும் பக்கங்களை மட்டும் படித்தால் போதும். நேன்சி பெர்லின் கணக்குப்படி அண்ணனுக்கு இப்போது நாற்பது பக்கம்கூடத் தேவையில்லை. ஆனால் தேர்ந்தெடுக்கிறவர் அந்தச் சலுகையை எடுத்துக்கொள்ளக் கூடாது என்பது அவர் கட்சி. பிடிக்காத புத்தகத்தையும் கடைசிவரை படிப்பார். தமக்குப் பிடிக்காதது யாருக்குப் பிடிக்கும் என்பது நாற்பதாம் பக்கத்தில் தெரியாதே.

குழு கூடும் இடமான தஞ்சோங் பகாருக்கும் தேர்வுக்கும் தொடர்பு இருக்கிறது. தஞ்சோங் பகார் என்றால் இன்றைக்கு வானுயர்ந்த அலுவலகக் கட்டடங்களும் கொரிய உணவுக் கடைகளும் நினைவுக்கு வரலாம். அவருக்கு வேறு தஞ்சோங் பகார் தெரியும். 1864-இல் தொடங்கிய தஞ்சோங் பகார் கப்பல் துறை நிறுவனம், பிறகு ஹார்பர் போர்டு, 1964-க்குப் பிறகு துறைமுக ஆணையம் என்று பெயர் மாறிக்கொண்டே வந்த அந்த இடத்தில் மூட்டை சுமந்தவர்களிலும் கணக்கெழுதியவர்களிலும் தமிழர்கள் நிறையப் பேர். கடையநல்லூரிலிருந்தும் தென்காசியிலிருந்தும் குடும்பம் குடும்பமாக வந்து குடியேறிய முஸ்லிம்கள் இங்கேதான் இருந்தார்கள். மேக்ஸ்வெல் உணவங்காடிக்குப் பக்கத்தில் கடையநல்லூர் ஸ்திரீட் என்று ஒரு சிறு தெருவே இருக்கிறது. அந்தச் சமூகத்தின் சங்கமான சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக் 1946-இல் ஒரு தமிழ்ப் பள்ளியைத் தொடங்கியது. சீறாப்புராணம் பாடிய உமறுப் புலவரின் பெயர் அதற்கு. பின்னர் மேக்ஸ்வெல் ரோட்டில் உயர்நிலைப் பள்ளியாக வளர்ந்து, 1982-இல் மூடப்பட்டது. பெயர் மட்டும் பீட்டி ரோட்டில் உள்ள தமிழ்மொழி நிலையத்தில் தொடர்கிறது. அண்ணன் அந்த மேக்ஸ்வெல் ரோடு பள்ளியில் படித்தவர்.

அந்தச் சுற்றுவட்டாரத்தில் பத்து நிமிடம் நடந்தால் தெலுக் ஆயர் ஸ்திரீட்டில் நாகூர் தர்கா, சவுத் பிரிட்ஜ் ரோட்டில் மாரியம்மன் கோவில், ஜாமியா சூலியா பள்ளிவாசல். தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்த புதியவர்களைக் குழுவில் சேர்க்கும்போது முதலில் அவர்களை இந்த வழியே ஒரு சுற்று அழைத்துப் போவார். சிங்கப்பூரில் அச்சான தமிழ் நூல்களில் கிடைத்திருப்பவற்றுள் மிகப் பழையது 1872-இல் வந்த ‘முன்னாஜாத்துத் திரட்டு’ என்பதையும், அதைப் பாடியவர் நாகூர்ப் புலவர் முகம்மது அப்துல் காதிறு என்பதையும் தர்கா வாசலில் நின்று சொல்வார். இங்கே நூற்றைம்பது வருடமாகத் தமிழ்ப் புத்தகம் போடுகிறார்கள் என்று தெரிந்த பிறகு, “இந்த ஊரில் என்ன சார் இலக்கியம்?” என்ற கேள்வி வருவதில்லை. வந்தாலும் குரல் தணிந்து வருகிறது.

இவர் குழு ஒன்றும் புதுமையானது அல்ல என்பதையும் அவரே சொல்வார். 1950-களின் தொடக்கத்தில் சுப. நாராயணன் ‘தமிழ் முரசு’ நாளிதழில் ‘ரசனை வகுப்பு’ நடத்தினார். வாசகர்களுக்குக் கதையை எப்படிப் படிப்பது, எப்படி எடை போடுவது என்று பத்திரிகையிலேயே பாடம். 1977-இல் நா. கோவிந்தசாமி ‘இலக்கியக் களம்’ தொடங்கினார். உள்ளூர்ப் பத்திரிகைகளில் வந்த சிறுகதைகளை எடுத்துவைத்து அலசினார்கள். கணினியில் தமிழைக் கொண்டுவர உழைத்த அதே கோவிந்தசாமிதான். அங் மோ கியோ நூலகத்தில் பல்லாண்டுகள் கூடிய வாசகர் வட்டத்தை இங்கே இலக்கியம் பேசுகிற எல்லோருக்கும் தெரியும். கோ. சாரங்கபாணி ‘தமிழ் எங்கள் உயிர்’ என்று நிதி திரட்டி, அப்போது சிங்கப்பூரில் இருந்த மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்திய இயல் துறைக்குத் தமிழ் நூலகம் அமைய வழி செய்தபோது, கூலி வேலை செய்தவர்களும் வெள்ளி வெள்ளியாகக் கொடுத்தார்கள். தம்மால் படிக்க முடியாத புத்தகங்களுக்குக் காசு கொடுத்தவர்கள் அவர்கள். அதை நினைத்தால் ஒரு மாதம் கழித்து வந்து “அண்ணே, நேரமே கிடைக்கல” என்பவர்கள்மேல் கோபம் வருகிறது என்கிறார். ஆனால் கோபத்தைக் காட்டிக்கொள்வதில்லை. படிக்காமல் வருகிறவரும் உட்காரலாம் என்பது குழுவின் ஏற்பாடு. கேள்வி கேட்கலாம், தீர்ப்புச் சொல்லக் கூடாது.

தேர்வில் பாதி இலக்கியம், மீதி வெறும் ஏற்பாடு. முதலில் பிரதி கிடைக்க வேண்டும். தேசிய நூலக வாரியத்தின் பட்டியலைத் திறந்து, எந்தக் கிளையில் எத்தனை இருக்கிறது என்று பார்ப்பார். இரவல் கெடு 21 நாள். மாதக் கூட்டத்துக்கு அந்தக் கெடு போதாது, புதுப்பிக்க வேண்டியிருக்கும். வேறொருவர் பதிவு செய்திருந்தால் அதுவும் நடக்காது. அதனால் ஒரே பிரதியுள்ள புத்தகம் என்றால் நாவல் வேண்டாம், சிறுகதைத் தொகுப்பு எடுக்கலாம், ஒருவர் கை மாற்றி ஒருவர் இரண்டிரண்டு கதையாகப் படிப்பார்கள். சென்னைப் புத்தகக் காட்சிக்கு ஜனவரியில் ஊருக்குப் போகிறவர் யார் என்பதை நவம்பரிலேயே விசாரித்து வைத்துவிடுவார். விமானப் பெட்டியில் மூன்று கிலோ இடம் கிடைத்தால் அடுத்த அரையாண்டுக்குக் கவலையில்லை.

உள்ளூர் நூல்களுக்குத்தான் பெரிய முட்டுக்கட்டை இருந்தது. முந்நூறோ ஐந்நூறோ அச்சடித்து, வெளியீட்டு விழாவில் பாதியும் உறவினர் வீடுகளில் மீதியும் போய்ச் சேர்ந்த பிறகு கடையில் தேடினால் இருக்காது. 2015-இல் அந்த நிலைமை மாறியது. தன்னார்வலர்களும் தேசிய நூலக வாரியமும் சேர்ந்து, நாடு விடுதலையடைந்த 1965 முதல் வெளிவந்த சிங்கப்பூர்த் தமிழ் இலக்கிய நூல்களில் சுமார் 350-ஐ மின்வடிவமாக்கினார்கள். சிங்கப்பூர்த் தமிழ் மின்மரபுடைமைத் திட்டம் என்று பெயர். இராம. கண்ணபிரானையும் மா. இளங்கண்ணனையும் குழுவுக்குக் கொண்டுவர அவருக்கு அப்போதுதான் வழி திறந்தது. கைப்பேசியில் படிக்கிறோம் என்று இளையவர்கள் மகிழ்ந்தார்கள். டீச்சர் மட்டும் எழுத்தைப் பெரிதாக்கி அச்செடுத்துக் கொண்டுவந்தார்.

உள்ளூர் எழுத்தாளர்களில் இன்னொரு சங்கடம் இருக்கிறது, அதை வெளியில் யாரும் பேசுவதில்லை. இது சின்ன ஊர். எழுதியவர் யாருக்காவது மாமாவாகவோ மகளின் ஆசிரியையாகவோ பக்கத்து புளோக்காகவோ இருப்பார். அவர் அறையில் உட்கார்ந்திருந்தால் பேச்சு தானாக வெளியீட்டு விழாப் பேச்சாகிவிடும். பொன்னாடை ஒன்றுதான் குறை. அதனால் அண்ணன் ஒரு வழக்கம் வைத்திருக்கிறார். எழுத்தாளரை அழைப்பார், ஆனால் முதல் ஒரு மணி நேரம் கழித்து வரச்சொல்வார். அதற்குள் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட வேண்டும். எழுத்தாளர் வந்த பிறகு அதே கருத்தைக் கேள்வியாக மாற்றிக் கேட்க வேண்டும். “இந்தப் பாத்திரம் எனக்கு ஒட்டவில்லை” என்பது “இவரை ஏன் இப்படி முடித்தீர்கள்?” என்றாகும். எழுத்தாளர்கள் இதைக் கண்டுபிடிக்காமல் இல்லை. அவர்களும் குழுக்களில் உட்கார்ந்து வளர்ந்தவர்கள்தானே.

வலப்பக்கம் நிரம்பி வழிந்த புத்தகம் ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’. 1972-இல் வெளிவந்தபோது அதிகம் கவனிக்கப்படாமல் கிடந்து, பிறகு தலைக்குமேல் தூக்கிவைக்கப்பட்ட நாவல். சிங்காரம் சிங்கம்புணரிக்காரர். 1938-இல் பதினெட்டு வயதில் மெடானுக்கு வட்டிக்கடை வேலைக்குப் போனார். போர் முடிந்து 1946-இல் ஊர் திரும்பி மதுரையில் ‘தினத்தந்தி’யில் வேலை பார்த்தார். மெடானும் பினாங்கும் ஜப்பானியர் ஆட்சியும் இந்திய தேசிய ராணுவமும் அவர் நேரில் பார்த்த காலத்தவை. அண்ணன் இந்த நாவலை எடுத்ததற்குக் காரணம் அதன் புகழ் அல்ல. குழுவில் எந்த ஒருவராலும் அதைத் தனியாகப் படித்துத் தீர்க்க முடியாது என்று அவருக்குத் தோன்றியது.

கூட்டத்தில் நடந்ததும் அதுதான். தமிழ்நாட்டிலிருந்து வந்த பொறியாளர், நாயகன் பாண்டியன் மனத்துக்குள் சங்க இலக்கியமும் சிலப்பதிகாரமும் பகடியாகக் கலந்து ஓடும் பக்கங்களைப் பிடித்துக்கொண்டார். பழம்பெருமை பேசுகிறவர்களை இவ்வளவு கிண்டல் செய்த இன்னொரு தமிழ் நாவலைக் காட்டுங்கள் என்றார். டீச்சருக்கு அந்தக் கிண்டல் பிடிக்கவில்லை. “அவருக்குப் பழந்தமிழ் மேல பற்று இல்லேன்னா இத்தனை வரி மனப்பாடமா வருமா?” என்று கேட்டார். இந்த இழுபறியில் கால் மணி நேரம் போனது. இவ்வளவு நேரமும் துறைமுகத்தில் இருந்தவர் வாயே திறக்கவில்லை. தொங்கான் என்னும் சரக்குத் தோணியில் போகும் பயணம் பற்றிப் பேச்சு வந்ததும் தலை நிமிர்ந்தார். சிங்கப்பூர் ஆற்றில் தொங்கான்கள் நெருக்கியடித்து நின்ற காலத்தை இளவயதில் பார்த்தவர் அவர். சரக்கை அடியில் எப்படி அடுக்குவார்கள், கனமானது எங்கே, தண்ணீர் படக்கூடாதது எங்கே, அலையில் அடுக்கு சரிந்தால் என்ன ஆகும் என்று மேசையில் தேநீர்க் குவளைகளை நகர்த்திக் காட்டினார். புயல் அத்தியாயத்தில் பயணிகளும் மாலுமிகளும் சரக்கை என்ன செய்கிறார்கள் என்பதை அதற்குப் பிறகு எல்லோரும் மறுபடி புரட்டினார்கள். பொறியாளர் அந்தப் பகுதியை வேகமாகத் தாண்டிப் போயிருந்தார்.

புத்தகம் எதற்கு என்று யாராவது கேட்டால் அண்ணன் இந்தக் கூட்டத்தைத்தான் சொல்வார். ஆளுக்கொரு சாவி வைத்திருக்கும் பூட்டு மாதிரியான நாவல் அது. தனியே படித்தால் கதவு பாதிதான் திறக்கும்.

2011 ஜூன் 30-ஆம் தேதி தஞ்சோங் பகார் ரயில் நிலையத்திலிருந்து கடைசி ரயில் கிளம்பியது. 1932-இல் திறந்த நிலையம். முகப்பில் வேளாண்மை, வணிகம், போக்குவரத்து, தொழில் என்று நான்கு சிலைகள் நிற்கின்றன. அந்த வாரம் ஊரே அங்கே புகைப்படம் எடுத்துக்கொண்டிருந்தது. ஜோகூர் சுல்தான் கடைசி ரயிலை ஓட்டிச் சென்றார். ரயில் பற்றி ஏதாவது படிக்கலாமே என்று குழுவில் கேட்டபோது, அண்ணன் ஏக்கமூட்டும் பயணக் கட்டுரை எதையும் எடுக்கவில்லை. எடுத்தது சயாம் மரண ரயில் பற்றிய இரண்டு மலேசிய நாவல்கள்: ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’ (1993), அ. ரெங்கசாமியின் ‘நினைவுச் சின்னம்’ (2005). 1942-க்கும் 1943 அக்டோபருக்கும் இடையே ஜப்பானியர் போட்ட 415 கிலோமீட்டர்ப் பாதை அது. நேச நாட்டுப் போர்க்கைதிகள் சுமார் 12,000 பேர் இறந்ததை உலகம் அறியும். படம் எடுத்தார்கள், கல்லறை கட்டினார்கள். அதைப் போலப் பல மடங்கு மாண்டவர்கள் ஆசியத் தொழிலாளர்கள், அவர்களில் மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்கள் ஏராளம். ஒரே நிகழ்ச்சி, இரண்டு நாவல். இரண்டையும் ஒரே மாதத்தில் படிக்கச் சொன்னது அதிகம் என்று முணுமுணுப்பு எழுந்தது. பாதிப்பேர் ஒன்று, பாதிப்பேர் மற்றது என்று பிரித்துக்கொடுத்தார். கூட்டத்தில் ஒரு பாதி மற்றப் பாதிக்குக் கதை சொல்ல வேண்டும். ஒரு நாவலைப் படித்தவர்கள் மற்ற நாவலைக் குறுக்கு விசாரணை செய்ய, கூட்டம் நேரத்துக்கு முடியவில்லை.

இப்படிச் சேர்த்துப் படிப்பது பிறகு அவருக்கு வழக்கமாகிவிட்டது. புதுமைப்பித்தனின் ‘துன்பக்கேணி’யையும் அகிலனின் ‘பால்மரக் காட்டினிலே’யையும் அடுத்தடுத்து வைத்தார். முதலாவது இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குக் கூலிகளாகப் போனவர்கள் கதை. மற்றது மலேசியா வந்து பார்த்துவிட்டு அகிலன் எழுதி 1977-இல் வெளிவந்த ரப்பர் தோட்ட நாவல். வெளியே இருந்து எழுதுகிறவர் எதைப் பார்க்கிறார், எது அவர் கண்ணில் படாமல் போகிறது என்று பேசலாம் என்பது அவர் எண்ணம். பேச்சு வேறு பக்கம் திரும்பியது. வலப்பக்கத்தில் ‘ஒன்றுமில்லை’ என்று அடிக்கடி குறிக்கப்படும் கட்டுமானத் தம்பிதான் திருப்பினார். புதுக்கோட்டைக்காரர், ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் ஓய்வு.

“அண்ணே, நாட்ட விட்டு வெளிய போனவனப் பத்தி யாரு எழுதினாலும் அவன் அழுதுகிட்டேதான் இருக்கான். நாங்க டார்மிட்டரில சிரிக்கிற சிரிப்பு பக்கத்து ரூமுக்குக் கேக்கும். அத யாரும் எழுத மாட்டாங்களா?”

யாரிடமும் உடனே பதில் இல்லை. அடுத்த மாதம் அண்ணன் எடுத்தது புதுமைதாசன் என்ற பி. கிருஷ்ணனின் ‘அடுக்கு வீட்டு அண்ணாசாமி’. கம்பம் எனப்படும் கிராமத்து வீடுகளை விட்டு மக்கள் வீடமைப்பு வளர்ச்சிக் கழக அடுக்குமாடிகளுக்குக் குடிபோன காலத்தில் சிங்கப்பூர் வானொலியில் தொடராக ஒலிபரப்பாகி வீடு வீடாகச் சிரிக்கவைத்த நகைச்சுவை நாடகம். படித்துவிட்டு வந்து பேச வேண்டாம், பாத்திரங்களைப் பிரித்துக்கொண்டு உரக்க வாசிப்போம் என்றார். அண்ணாசாமியாக வாசித்தது கட்டுமானத் தம்பி. குழுவுக்குள் அவருக்கு அப்போது கிடைத்த இடம் பிறகு குறையவே இல்லை. நோட்டின் வலப்பக்கத்தில் அவர் பெயருக்கு எதிரே இப்போதெல்லாம் வரி அதிகம்.

பரிசு வாங்கிய புத்தகத்தை உடனே எடுப்பதில்லை என்பது இன்னொரு பழக்கம். சிங்கப்பூர் இலக்கியப் பரிசு 1992-இல் தொடங்கி, 2004-இல் நான்கு மொழிகளுக்கும் திறந்துவிடப்பட்டது. 2008-இல் தமிழில் லதாவின் ‘நான் கொலை செய்யும் பெண்கள்’ பரிசு பெற்றது. பரிசு வந்த சூட்டில் படித்தால், தகுதியா இல்லையா என்பதே பேச்சாகிவிடும். நடுவர்கள் செய்த வேலையை நாம் மறுபடி செய்வானேன் என்பார். இரண்டு வருடம் ஆறவிட்டால் கதைகளைப் பற்றிப் பேசலாம். இதில் எனக்கு முழு உடன்பாடு கிடையாது. சூட்டோடு படிக்கிறபோது ஆட்கள் கூடுதலாக வருகிறார்கள், ஒரு குழுவுக்கு அதுவும் வேண்டும். ஆனால் தேர்ந்தெடுப்பவர் அவர், நான் அல்ல.

இப்போது அவர் கையில் இருக்கும் சிக்கல் ஓர் அந்தாதி. யாழ்ப்பாணத்துச் சதாசிவ பண்டிதர் பாடி 1887-இல் இங்கே அச்சான ‘சிங்கை நகர் அந்தாதி’யைப் படித்தே ஆக வேண்டும் என்று பொறியாளர் பிடிவாதமாக இருக்கிறார். நூலைப் பார்த்துவிட்டுப் பாதிப்பேர் பின்வாங்கினார்கள். உரை இல்லாமல் முடியாது என்றார் டீச்சர். அண்ணன் தொலைபேசியில் சமரசம் பேசியிருக்கிறார். நூறு பாட்டு வேண்டாம், பத்து மட்டும். பொருளை டீச்சர் சொல்ல வேண்டும். பொறியாளர் அந்தக் காலச் சிங்கப்பூர் பற்றிப் படித்துக் குறிப்பு எடுத்துவர வேண்டும். டீச்சர் ஒரு நிபந்தனையோடு ஒப்புக்கொண்டார்: அதற்கடுத்த மாதம் தாம் சொல்லும் புத்தகம். எந்தப் புத்தகம் என்று இன்னும் சொல்லவில்லை. நூலகப் பட்டியலில் அதற்கு எத்தனை பிரதி இருக்கும் என்பதுதான் அண்ணனின் கவலை.